எந்த மணிக்குப் பிறந்தது?

சேலத்திலிருந்து ஏற்காட்டு மலைக்கு ஏற இரு பாதைகள் உள்ளன. 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் செல்வது பலரும் அறிந்த பாதை. மற்றொன்று, மலையடியில் உள்ள குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக மேலேறுகிறது. உல்லாசப் பயணிகளை விட, காப்பித் தோட்டங்களில் உழைப்போரும் மலைக் கிராமத்தாரும் மிகுதியாக நடமாடும் வழி அது. பிரசவ வேதனையோடு ஒரு பெண் இறங்கி வருவதும், பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஏறிச் செல்வதும் இத்தகைய பாதைகளில்தான்.

அப்படி ஏறிச் செல்லும் ஒரு தாயை நம் மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம். திங்கட்கிழமை இரவு அவளுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. புதன்கிழமை மாலை, தாயும் சேயும் நலமாய் இருக்கிறார்கள் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை, குழந்தையின் முகம் மஞ்சளாகத் தெரிகிறது. மாலைக்குள் மஞ்சள் வயிறுவரை இறங்கிவிட்டது. குழந்தை பால் குடிக்கச் சோம்புகிறது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொரு யோசனை சொல்கிறார்கள். இறுதியில் குழந்தையின் பாட்டி துணிந்து, “இனித் தாமதம் கூடாது” என்று சொல்ல, குடும்பம் குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு விரைகிறது.

அங்கே மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி, “என்ன உடம்புக்கு?” என்பதன்று. “குழந்தை எந்த நாள், எந்த மணிக்குப் பிறந்தது?” என்பதே. அடுத்த கேள்வி, “தாயின் இரத்த வகை என்ன?” என்பது. மூன்றாவது, “மஞ்சள் முதன்முதலில் எப்போது தெரிந்தது?” என்பது. தாய் தன் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டுகிறாள். அதில் “ஆண் குழந்தை. நலம்” என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியவராகிறார். விடைகள் மூன்றும் அதில் இருந்தால், பாதி வைத்தியம் அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

ஒரு துண்டுக் காகிதத்துக்கும் ஒரு குழந்தையின் உயிருக்கும் இவ்வளவு நெருங்கிய தொடர்பு உண்டா என்று வாசகர் வியக்கலாம். உண்டு என்பதை எடுத்துக் காட்டவே இக்கட்டுரை.

ஒரே பெயர், பல நோய்கள்

நாம் “மஞ்சள் காமாலை” என்று ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் ஒரே நோய் அன்று. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கிருமிகளால் கல்லீரல் கெட்டு வருவது ஒன்று. பிறந்த குழந்தைக்கு வருவது முற்றிலும் வேறொன்று.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குச் சிவப்பு அணுக்கள் மிகுதியாக இருக்கும். பிறந்தபின் அவை சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அதைக் கழித்து வெளியேற்ற வேண்டிய கல்லீரல், முதற் சில நாட்களில் இன்னும் முழு வலிமை பெறவில்லை. எனவே மஞ்சள் இரத்தத்தில் தேங்கி, தோலிலும் கண்ணிலும் தெரிகிறது. நிறை மாதத்தில் பிறந்த 100 குழந்தைகளில் ஏறத்தாழ 60 பேருக்கும், குறை மாதத்தில் பிறந்த 100 பேரில் ஏறத்தாழ 80 பேருக்கும் முதல் வாரத்தில் இது தோன்றுகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை எட்டி, ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் தானாகவே மறையும். அஞ்சத் தேவையில்லை.

ஆனால் அஞ்ச வேண்டிய வகைகளும் இதே நிறத்தில்தான் வருகின்றன. தாய் ஆர்.எச். நெகடிவ் இரத்த வகையினளாகவும், குழந்தை பாசிடிவ் வகையினதாகவும் இருந்தால், தாயின் உடலில் உண்டான எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்த அணுக்களை அழிக்கக் கூடும். ஓ வகைத் தாய்க்கு ஏ அல்லது பி வகைக் குழந்தை பிறந்தாலும் ஓரளவு இவ்வாறு நேரலாம். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்குச் சாதாரணப் பொருளொன்றே நஞ்சாகலாம். பெட்டியில் துணிகளுக்கிடையே போடுகிறோமே, அந்த அந்துருண்டையின் ஆவியே போதும். கிருமி தாக்கிய குழந்தைக்கும் மஞ்சள் ஏறும். பித்தக் குழாய் அடைபட்டுப் பிறந்த குழந்தைக்கோ இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் இறங்காது. மலம் வெளுத்துப் போகும்.

பிலிருபின் எல்லை கடந்து ஏறினால் அது மூளைக்குள் புகுந்து நிரந்தரமாகப் பழுதாக்கிவிடும். இந்நிலைக்குக் கெர்னிக்டெரஸ் என்று பெயர். பிழைத்த குழந்தைகளுக்கும் கைகால்கள் தன்வசம் இல்லாமல் முறுக்கிக்கொள்ளும். காது கேளாமற் போகும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் முழுவதையும் மாற்றிவிடும் இக்கேடு, காலத்தே கண்டால் ஏறக்குறைய முற்றிலும் தடுக்கக் கூடியது என்பதுதான் நெஞ்சைச் சுடும் உண்மை.

மணிக்கணக்கின் மகிமை

பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சளை, வேறு காரணம் நிறுவப்படும்வரை நோய் என்றே கொள்ள வேண்டும் என்பது மருத்துவர் அனைவரும் ஒப்பும் விதி. “முதல் நாள்” என்று வாய்வழியாகச் சொல்வது இங்கே போதாது. திங்கள் இரவு 11 மணிக்குப் பிறந்த குழந்தைக்குச் செவ்வாய் காலை வெறும் சில மணி நேரமே ஆகிறது. திங்கள் அதிகாலையில் பிறந்த குழந்தைக்கோ ஒரு நாள் கடந்துவிட்டது. இருவரையும் “நேற்றுப் பிறந்தவர்கள்” என்றே நாம் சொல்லுவோம்.

இந்திய வம்சாவளியினரான வினோத் புடானி என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 2,840 குழந்தைகளின் பிலிருபின் அளவுகளை மணிவாரியாகக் குறித்து, 1999-ஆம் ஆண்டில் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 8 மில்லிகிராம் பிலிருபின் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்து 24 மணி ஆன குழந்தைக்கு அது அபாயக் கோட்டைத் தொடும் அளவு. 72 மணி ஆன குழந்தைக்கு அதே 8 கவலைப்பட வேண்டாத அளவு. எண் ஒன்றே, பொருள் இரண்டு. பிறந்த மணி தெரியாவிட்டால், சோதனைச் சாலை தரும் எண்ணுக்கு ஊமையின் மதிப்புத்தான்.

ஒரு செவிலியின் கண்

மஞ்சளுக்கு இன்று உலகெங்கும் அளிக்கப்படும் சிகிச்சையாகிய நீல ஒளியும் ஒரு நுட்பமான கவனிப்பிலிருந்தே பிறந்தது. 1956-ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள ராக்ஃபோர்டு பொது மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளின் பொறுப்பாளராய் இருந்தவர் வார்டு என்னும் தலைமைச் செவிலி. வெயிலும் காற்றும் குழந்தைகளுக்கு நல்லதென்று எண்ணி அவர்களை முற்றத்துக்கு எடுத்துச் செல்வது அவர் வழக்கம். ஒரு நாள், ஒரு குழந்தையின் உடல் முழுவதும் வெளிறியிருக்க, துணியின் மூலை மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் ஆழ்ந்த மஞ்சளாய் இருப்பதைக் கண்டார். தாம் கண்டதை மருத்துவரிடம் சற்றுத் தயக்கத்துடனே காட்டினார். சில வாரங்களின் பின், வெயில் பட்ட இடத்தில் மறதியாய் வைக்கப்பட்ட இரத்தக் குழாயில் பிலிருபின் அளவு குறைந்திருந்ததையும் அங்குள்ளோர் கவனித்தனர். இவ்விரண்டையும் இணைத்து, கிரீமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் 1958-இல் லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு செவிலி கண்டதைச் சொன்னார், சொன்னதை அளந்தார்கள், அளந்ததை எழுதினார்கள். எழுதாது விட்டிருந்தால் அது ஒரு வார்டின் பேச்சாகவே கரைந்திருக்கும்.

இக்கதையைக் கேட்டுக் குழந்தையை வெயிலில் கிடத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை. வீட்டு வெயில் சிகிச்சை ஆகாது. அதன் அளவை யாரும் அளக்க முடியாது. குழந்தை குளிர்ந்துபோகலாம், தோல் வெந்துபோகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, “வெயில் காட்டுகிறோமே” என்ற ஆறுதலில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நாள் கடந்துவிடும்.

எண்களில் எழுதப்படும் நோய்

இனி, அந்தச் சீட்டு மருத்துவமனையை விட்டு எங்கே போகிறது என்று பார்ப்போம். நோய்களை எண்ணிக் கணக்கிடும் வழக்கம் பங்குக் கோவில்களோடு தொடர்புடையது என்பது நம்முள் பலர் அறியாத செய்தி. பழைய இலண்டன் மாநகரில் இறப்புகளின் வாரப் பட்டியலைத் தொகுத்தவர்கள் அங்குள்ள பங்குகளின் எழுத்தர்களே. அப்பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிராண்ட் என்னும் வணிகர் 1662-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் காமாலைக்கு ஒரு வரி உண்டு. பச்சிளங்குழந்தைகளுக்கோ “கிரிசம்” என்று ஒரு வரி. ஞானஸ்நானத்தில் போர்த்தும் வெள்ளாடையின் பெயர் அது. அந்த ஆடை போர்த்திய சில நாட்களிலேயே மறைந்த சிசுக்கள் அனைவரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கினார்கள். எதனால் இறந்தார்கள்? மஞ்சளாலா, கிருமியாலா, குறைமாதத்தாலா? ஒருவரும் அறியார். காரணம் எழுதப்படாததால் பரிகாரமும் தேடப்படவில்லை.

பாரிஸ் நகரப் புள்ளிவிவர அதிகாரி ஜாக் பெர்ட்டியோன் 1893-இல் இறப்புக் காரணங்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் அமைத்தார். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பேணி வருகிறது. 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. பதினொன்றாம் திருத்தம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

பத்தாம் திருத்தத்தில் நம் குழந்தையின் மஞ்சள் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று பாருங்கள். ஆர்.எச். மாறுபாட்டால் வந்தது பி 55.0. ஏ-பி-ஓ மாறுபாட்டால் வந்தது பி 55.1. கிருமியால் இரத்த அணுக்கள் சிதைந்து வந்தது பி 58.2. மருந்தாலோ நஞ்சாலோ அவ்வாறு சிதைந்து வந்தது பி 58.4. குறைமாதத்தோடு சேர்ந்தது பி 59.0. தாய்ப்பாலில் உள்ள பொருளால் நீடிப்பது பி 59.3. மூளையைப் பழுதாக்கிய கெர்னிக்டெரஸ் பி 57. காரணம் எதுவும் குறிக்கப்படாத மஞ்சள் பி 59.9. நம் ஊர்ப் பேச்சில் ஒரே சொல்லாய்க் கிடந்தது, இங்கே தனித்தனி அறைகளாய்ப் பிரிந்து நிற்கிறது.

இந்தக் குறியீட்டுத் தொழில் நமக்கு அந்நியமானதன்று. ‘மெடிக்கல் கோடிங்’ என்று பெயர் பெற்ற இவ்வேலையில் சென்னையிலும் கோவையிலும் பிற நகரங்களிலும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களும் யுவதிகளும் அமர்ந்துள்ளனர். அவர்களுள் நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பை வாசித்து, நோயையும் சிகிச்சையையும் குறியீடாக மாற்றி அனுப்புவதே அவர்களுடைய பணி. அமெரிக்கா 2015 அக்டோபர் முதல் பத்தாம் திருத்தத்தின் தன் நாட்டு வடிவத்தைப் பயன்படுத்துகிறது. காப்பீட்டுப் பணம் கிடைப்பதும் மறுக்கப்படுவதும் பெரும்பாலும் அந்த எண்களைப் பொறுத்ததே.

அத்தொழிலில் உறுதியான ஒரு விதி உண்டு. பிலிருபின் எண் உயர்ந்திருப்பதைக் குறியீட்டாளர் தம் கண்ணாலேயே காணலாம். ஆயினும் மருத்துவர் அதை நோய் என்று எழுதாத வரையில், குறியீட்டாளர் தாமாக நோயின் எண்ணை இடலாகாது. “இரத்த வகை மாறுபாட்டால் வந்த மஞ்சள்” என்று மருத்துவர் எழுதியிருந்தால் பி 55. வெறுமனே “மஞ்சள்” என்று எழுதியிருந்தால் பி 59.9. குழந்தை ஒன்றே, பட்டபாடு ஒன்றே, ஆனால் கணக்கில் அது வேறு குழந்தையாகிவிடுகிறது. எழுதப்படாதது நடவாததே என்று மருத்துவமனைகளில் வழங்கும் மொழி எவ்வளவு உண்மை!

கடல் கடந்த ஒரு குழந்தையின் மஞ்சளை நம் வீட்டுப் பெண் இத்துணை நுட்பமாகப் பிரித்து எழுதுகிறாள். அவளுடைய சொந்த அண்ணியின் குழந்தைக்குக் கிடைத்த சீட்டில் “நலம்” என்ற ஒரு சொல்லோடு நிற்கலாமா? இந்தக் கேள்வியை நாம் கேட்டே தீரவேண்டும்.

காகிதத்தின் இருவேறு பயன்கள்

நல்ல பதிவு முதலில் அந்தக் குழந்தையைக் காக்கிறது. அடுத்து, பிறக்கப் போகும் குழந்தைகளைக் காக்கிறது.

நம் நாட்டில் ஆர்.எச். நெகடிவ் வகையினர் ஏறத்தாழ 100-க்கு 5 பேர். அத்தகைய தாய் பாசிடிவ் குழந்தையைப் பெற்றால், 72 மணி நேரத்துக்குள் ‘ஆன்டி-டி’ ஊசி போடப்பட வேண்டும். அது போடப்பட்டால் அடுத்த குழந்தை காப்பாற்றப்படுகிறது. போடப்பட்டதா இல்லையா என்பது மூன்று ஆண்டுகள் கழித்து அடுத்த பிரசவத்தின்போது யாருக்கு நினைவிருக்கும்? காகிதத்துக்கு மட்டுமே நினைவிருக்கும்.

பித்தக் குழாய் அடைபட்ட குழந்தைக்கு ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த அறுவைச் சிகிச்சை உண்டு. பிறந்து 60 நாட்களுக்குள் செய்யப்பட்டால் பலன் மிகுதி, தாமதித்தால் குறைவு. 14 நாட்களுக்குப் பின்னும் மஞ்சள் இருந்ததா, மலத்தின் நிறம் என்ன என்பதைத் தாயோ செவிலியரோ தேதியிட்டுக் குறித்திருந்தால் அந்த நாட்கள் வீணாகா.

நாட்டளவிலும் இப்படியே. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், இறப்பின் காரணத்தை மருத்துவர் சான்றளிக்க வழிசெய்கிறது. ஒரு சிசு மறைந்தபோது “மூச்சுத் திணறல்” என்று மட்டும் எழுதினால், கடைசி நிமிடத்தில் நிகழ்ந்ததை எழுதினோமே ஒழிய, அதற்குக் காரணமானதை எழுதவில்லை. மூளையைத் தாக்கிய மஞ்சள் அந்தக் கணக்கில் இல்லாமற் போகிறது. கணக்கில் இல்லாத நோய்க்கு அரசு விளக்கும் வாங்காது, செவிலியரையும் நியமிக்காது. மலை மேலே ஒரு நீல விளக்கு வேண்டும் என்று கேட்பவர்க்கு, எத்தனை குழந்தைகள் மஞ்சளோடு மலையிறங்கினார்கள் என்று காட்டும் பதிவேடே சான்று.

வீட்டில் செய்ய வேண்டியவை

படிப்பறிவு குறைந்த தாயும் செய்யக் கூடியவை சில உண்டு.

மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன், கையிலுள்ள சீட்டையும் தாய் சேய் அட்டையையும் யாரேனும் ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். பிறந்த தேதியும் மணியும், எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறப்பு எடை, தாய் சேய் இருவரின் இரத்த வகை, மஞ்சள் தெரிந்த மணி, பிலிருபின் அளவும் அதை எடுத்த மணியும், விளக்கின் கீழ் வைத்திருந்தால் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும், மறுபடியும் வர வேண்டிய நாள் ஆகியவை அதில் இருக்கின்றனவா? இல்லையேல், “ஐயா, இதைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள்” என்று பணிவோடு கேட்பதில் வெட்கமில்லை. அது நம் உரிமை, எழுதுபவருக்கும் பாதுகாப்பு.

மஞ்சள் உச்சமடையும் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை குழந்தை பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறது. எனவே பகல் வெளிச்சத்தில் ஆடை நீக்கிப் பாருங்கள். நெற்றியிலும் மார்பிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால், அழுத்திய இடத்தில் மஞ்சள் தெரியும். மாநிறக் குழந்தைக்கு இது மிகவும் உதவும். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் ஒரு கணமும் தாமதியாதீர்கள். பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழாத தூக்கம், கீச்சென்ற அழுகை, உடலை வில்லாய் வளைத்தல் ஆகியவை அபாய மணிகள். கண்ணால் பார்ப்பது எச்சரிக்கைக்கே உதவும். அளவை இரத்தச் சோதனையே சொல்லும்.

2011 முதல் நடைபெறும் வீட்டுச் சந்திப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும். வருகின்ற கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆஷா பணியாளரையோ வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். குழந்தையைக் காட்டுங்கள், கண்டதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அதே ஆண்டில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தால், நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் மருந்தும் சோதனையும் வாகன வசதியும் இலவசம். செலவுக்கு அஞ்சி நிற்க வேண்டியதில்லை.

சர்க்கரைத் தண்ணீரும் கீழாநெல்லிச் சாறும் பச்சைக் குழந்தைக்கு வேண்டாம். தாய்ப்பாலே போதும், அதையும் அடிக்கடி கொடுங்கள். சூடு போடுதல் கொடுமை. மந்திரித்துக் காத்திருத்தல் காலக்கேடு. குழந்தையின் துணிகளில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம்.

நம் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேட்டை எத்துணைப் பக்தியோடு பேணுகிறோம்! நூறாண்டு கழித்தும் ஒருவரின் பெயரும் பிறந்த நாளும் அதில் நிற்கின்றன. குழந்தை இவ்வுலகில் ஒருத்தி, ஒருவன் என்று பெயர் சொல்லி ஏற்கப்பட்டதன் அடையாளம் அது. மருத்துவச் சீட்டும் அவ்வாறே மதிக்கத் தக்கது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, குடும்ப அட்டையோடு சேர்த்து வைப்பது பெரிய காரியமன்று.

மீண்டும் அந்த மலைப்பாதைத் தாயிடம் வருவோம். சேலத்து மருத்துவர் கேட்கிறார்: “எந்த மணிக்குப் பிறந்தது?” அவள் சீட்டைப் பிரித்து, “இதோ, இரவு 11 மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கிறது, ஐயா” என்கிறாள். மருத்துவர் வரைபடத்தில் விரலை வைக்கிறார். நீல விளக்கு எரிகிறது. இரண்டு நாளில் குழந்தை பசியோடு அழத் தொடங்குகிறது. தாய் அதை வாரியெடுத்து அணைத்துக்கொள்கிறாள். புதிய சீட்டை அவள் மாமியார் மடித்து முந்தானையில் முடிந்துகொள்ள, குப்பனூர் வழியே அவர்கள் மறுபடியும் மலையேறுகிறார்கள்.